வாசிகசாலைக்கு மூன்று மாடி

பாலேந்திரன் மாஸ்டருக்கு ஐம்பது வயது நெருங்கும்போதுதான் மறுபடியும் படிக்கவேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசை என்பது அவர் சொன்ன சொல். அவருடைய மனைவி இரஞ்சிதத்தைக் கேட்டால், கல்விச் சேவையில் அடுத்த தரத்துக்கு ஏற முதுதத்துவமாணிப் பட்டம் உதவும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள், அதுதான் காரணம் என்பாள். இரண்டுமே உண்மை.

ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் வரலாறு படிப்பித்தார். ஹந்தானைக்கு ஏறும் வீதியில் வாடகை வீடு. மடிப்புக் குலையாத சேர்ட், பொக்கற்றில் இரண்டு பேனை, யார் எதைச் சொன்னாலும் "அது எங்கை இருக்கு?" என்று கேட்கும் வாய். மீன்காரன் இன்றைக்கு மீன் புதுசு என்றாலும் அவரால் சும்மா வாங்கிக்கொண்டு வரமுடியாது. இப்படிப்பட்ட மனிதர் ஆராய்ச்சி செய்யப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

தலைப்பு, 'கண்டி மாவட்டத்துத் தமிழ் வாசிகசாலைகள்: தோற்றமும் வளர்ச்சியும் அழிவும்.' மேற்பார்வையாளர் பேராசிரியர் விவேகானந்தன் அதில் 'அழிவும்' என்பதைப் பென்சிலால் வெட்டினார். நாட்டு நிலைமை சரியில்லை, வளர்ச்சியோடு நிற்பாட்டுவது எல்லோருக்கும் நல்லது என்றார். அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. சமாதான ஒப்பந்தம் கடதாசியில் மட்டும் உயிரோடு இருந்தது. கண்டியிலும் பஸ்ஸை மறித்து ஆளடையாள அட்டை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

பேராசிரியரும் யாழ்ப்பாணத்தவர்தான். அவருடைய அறையில் சுவர் தெரியாமல் புத்தகம். வெளிநாட்டு உதவியில் கிடைத்த கணினி ஒன்றும் இருந்தது. அதன்மேல் பூவேலை செய்த துணி விரித்து, துணியின்மேல் பிளாஸ்டிக் ரோசாக்கள் வைத்த சாடி ஒன்றை வைத்திருந்தார். இணையத்தில் கிடைப்பதெல்லாம் சந்தைக் கதை என்பது அவர் கொள்கை. அச்சில் வந்தால்தான் ஆதாரம். அவருடைய சொந்தக் கட்டுரைகள் எல்லாம் பீடத்தின் சஞ்சிகையில் அச்சில் வந்தவை. அந்தச் சஞ்சிகைக்கு ஆசிரியரும் அவரே. ஆகையால் ஒரு கட்டுரையில் தாம் எழுதியதை அடுத்த கட்டுரையில் ஆதாரமாகக் காட்டுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

மற்ற வாசிகசாலைகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. திறப்புவிழா மலர், ஆண்டறிக்கை, பத்திரிகைச் செய்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு அச்சுக் கடதாசி இருந்தது. சிக்கல் தெல்தெனியவில் வந்தது.

பாலேந்திரனின் முதல் நியமனம் தெல்தெனியப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு. பழைய தெல்தெனிய பஜாரில் அழகமுத்து என்பவரின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. 'தமிழர் முன்னேற்ற வாசிகசாலை' என்று பெயர்ப்பலகை. உள்ளே இரண்டு அலுமாரி, ஒரு நீள வாங்கு, சில கதிரைகள், ஒரு ரேடியோ. கடைக் கருவாட்டு மணம் புத்தகங்களில் ஏறியிருக்கும். தனிமையில் கிடந்த இளம் வாத்தியாருக்கு மாலை நேரம் போனது அங்கேதான். எண்பத்துமூன்று யூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கடையைத் தேடி வந்தவர்கள் கடைக்குத் தீ வைத்தார்கள். கடையோடு அறையும் போனது. அந்த நேரம் பாலேந்திரன் அதே பாடசாலையில் படிப்பித்த, சிங்களவரான குசுமாவதி டீச்சர் வீட்டுப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே குந்திக்கொண்டிருந்தார். ஊரடங்கு தளர்ந்தபோது அகதி முகாமுக்குப் போகும் லொறியில் இருந்து அந்த இடத்தைப் பார்த்தார். கூரைத் தகரம் தரையில் கிடந்தது. கொஞ்ச நாளில் அழகமுத்து குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு நீர்த்தேக்கம் கட்டி, பழைய நகரம் முழுவதும் தண்ணீருக்குள் போனது. எரித்தவர்களுக்குக்கூட இவ்வளவு சுத்தமாகத் துடைக்கத் தெரிந்திருக்காது.

ஆய்வில் இதை எழுதியே தீருவது என்று பாலேந்திரன் நினைத்தார். பதவி உயர்வுக்காகத் தொடங்கிய வேலையில் மனதார அவர் விரும்பிய ஒரே அத்தியாயம் அது. கொழும்புக்குப் போய் அந்தக் கலவரக் கிழமைப் பத்திரிகைகளைப் புரட்டினார். தணிக்கை செய்யப்பட்ட பக்கங்களில் 'சில இடங்களில் அசம்பாவிதங்கள்' என்ற வரியும், அதன் பக்கத்தில் ஒரு பற்பசை விளம்பரமும் இருந்தன. தெல்தெனிய என்ற சொல்லே இல்லை.

பேராசிரியரிடம் வந்து, தானே அங்கே இருந்து வாசித்ததைச் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆய்வாளர் தன்ரை ஆய்வுக்குத் தானே சாட்சி சொல்லக்கூடாது, பாலேந்திரன். அச்சிலை இருக்கோ? இருந்தால் போடுவம். இல்லாட்டி அது நடக்கேல்லை எண்டு நான் சொல்லேல்லை. ஆய்வுக்குள்ளை நடக்கேல்லை."

அந்தக் கோபத்தோடுதான் பாலேந்திரன் முதன்முறையாக இணையத்துக்குப் போனார். கட்டுகலையில் அவருடைய பழைய மாணவன் பஹ்மி ஒரு நெற் கபே வைத்திருந்தான். முன்பக்கம் போட்டோக்கொப்பி, பின்பக்கம் பலகை அடித்துப் பிரித்த ஐந்தாறு கணினிகள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். தமிழ்ப் பக்கம் என்றால், உரிய எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். பஹ்மி எங்கிருந்தோ எழுத்துருவை இறக்கிப் பூட்டினான். தெல்தெனிய என்று தட்டியதும், தொரொன்ரோவில் இருந்து யாரோ நடத்தும் தளம் ஒன்று வந்தது.

"பாருங்க மாஸ்டர், ஈக்குது," என்றான் பஹ்மி.

இருந்தது. 'எரியூட்டப்பட்ட தெல்தெனியத் தமிழ் நூலகம்.' மூன்று மாடிக் கட்டடம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகள். கூடவே ஒரு படம். தூண்கள் வைத்த பெரிய கட்டடம், கூரை விளிம்பில் வெண்பனி குவிந்து கிடந்தது. தெல்தெனியவில் எந்தக் காலத்தில் பனி பெய்தது என்று பஹ்மி கேட்டான்.

பாலேந்திரனுக்குச் சந்தோசப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அன்றே அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். வாசிகசாலை எரிந்தது உண்மை, அதைத் தாம் அறிவார், ஆனால் அது ஓர் அறைதான், சுவடி எதுவும் இருக்கவில்லை, இருந்தவை பெரும்பாலும் பழைய சஞ்சிகைகள். அடுத்த கிழமை பார்த்தபோது பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'இந்நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்டியைச் சேர்ந்த ஆய்வாளர் பாலேந்திரன் உறுதிப்படுத்துகிறார்.' மூன்று மாடியும் அப்படியே நின்றது. மறுபடி எழுதினார். இந்த நேரத்தில் நம்முடைய இழப்பைக் குறைத்துச் சொல்வது யாருக்கு உதவும் என்று சிந்தியுங்கள் என்று பதில் வந்தது. மூன்றாம் முறை எழுதியபோது பதில் இல்லை.

அந்தப் பக்கத்தின் பிரதியைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாடிக் கணக்கு பிழை என்றாலும், எரிந்த செய்தியாவது இருக்கிறதே என்பது அவர் எண்ணம். பேராசிரியர் அதைக் கையால் தொடவில்லை. கடதாசியில் வந்துவிட்டால் அச்சு ஆகிவிடாது என்று சொல்லி அனுப்பினார்.

யூலை வந்தது. கொழும்பு ஞாயிறு வாரப் பத்திரிகை ஒன்று கறுப்பு யூலை நினைவுச் சிறப்புப் பக்கம் போட்டது. எழுதியவருக்கு நேரம் இல்லை போலும். தொரொன்ரோப் பக்கத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார். பனிப்படமும் வந்தது. கறுப்பு வெள்ளையில் பனி வெயில் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் தாமாகவே தொலைபேசி எடுத்தார். குரலில் அப்படியொரு மகிழ்ச்சி.

"உங்கடை வாசிகசாலை கிடைச்சிட்டுது, பாலேந்திரன். அச்சிலை வந்திருக்கு. மூண்டு மாடியாம். நீங்கள் ஓர் அறை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓர் அறைதான் சேர். அவையள் இணையத்திலை இருந்து எடுத்துப் போட்டிருக்கினம்."

"எங்கையிருந்து எடுத்ததெண்டது எங்களுக்குத் தேவையில்லை. ஓர் அறை எண்டதுக்கு அச்சிலை ஆதாரம் இருக்கோ?"

பாலேந்திரன் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். அச்சில் வந்தால் பேராசிரியரின் வாயை அச்சாலேயே அடைக்கலாம் என்பது திட்டம். ஞாயிறு ஞாயிறாகக் காத்திருந்தார். இராசிபலனும், வாசகர் கவிதையும், ஒருவருக்கு மூட்டுவலி தீர்ந்த வரலாறும் வந்தன. அவருடைய திருத்தம் வரவில்லை.

"விடுங்கோவன் அப்பா," என்றாள் இரஞ்சிதம். "மூண்டு மாடி எண்டே எழுதிப்போட்டுப் பட்டத்தை எடுங்கோ. ஆர் போய்ப் பாக்கப் போகினம்? இடமே தண்ணிக்குள்ளை."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த வருடம் மழை ஏமாற்றியது. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்க இறங்க, பழைய தெல்தெனிய மெல்ல வெளியே வந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் சுவர் தெரிகிறது, பாதை தெரிகிறது, கடைப்படிகள் தெரிகின்றன என்று கதைத்தார்கள். பாலேந்திரனால் இருப்புக்கொள்ள முடியவில்லை. கட்டடத்தின் அத்திவாரத்தைப் படம் எடுத்து, நீள அகலத்தோடு கொடுத்துவிட்டால், மூன்று மாடி எப்படி நிற்கும்? பஹ்மியிடம் டிஜிற்றல் கமெரா இருந்தது, மோட்டார்சைக்கிளும் இருந்தது. இரஞ்சிதத்தின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். போர்க்காலத்தில், அணைக்கட்டு ஒன்றின் பக்கத்தில், கமெராவும் அளவு நாடாவுமாக ஒரு யாழ்ப்பாணத்தவரும் ஒரு முஸ்லிம் பையனும் திரிவது எப்படித் தெரியும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டர் ஆராய்ச்சியில் இருந்தார். பஹ்மி மாஸ்டர்மேல் இருந்த மரியாதையில் இருந்தான்.

வெடித்த சேற்றில் நடந்து இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அழகமுத்து கடையின் மூன்று படிகள் அப்படியே இருந்தன. அதன் பின்னால் சிறு சதுரமாக அத்திவாரக் கல்.  பாலேந்திரன் சேர்ட் கையை மடித்துக்கொண்டு குனிந்து அளந்தார். பஹ்மி படம் எடுத்துவிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடித்தான். அவர்கள் நிமிர்ந்தபோது நான்கு சிப்பாய்கள் நின்றார்கள்.

பொலிஸ் நிலையத்தில் கேள்விகள் சிங்களத்தில். பஹ்மிதான் பதில் சொன்னான். எதை அளந்தீர்கள்? நூலகத்தை. எங்கே நூலகம்? தண்ணீருக்குள். அதிகாரி பேனையை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, இரக்கத்தோடு பார்த்தார் என்று பஹ்மி பிறகு சொன்னான். மறுநாள் காலை பஹ்மியின் பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து பேசி அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாலேந்திரனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அவரை வைத்துக்கொண்டார்கள்.

இரஞ்சிதம் பேராசிரியர் வீட்டுக்கு ஓடினாள். அவர் தம்முடைய மாணவர், ஆய்வு வேலையாகத்தான் போனார் என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்று கேட்டாள். பேராசிரியர் அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். பதிவாளரைக் கேட்காமல் எழுத முடியாது, பதிவாளர் கொழும்பில் நிற்கிறார் என்றார். மேலும், பதிவு செய்த தலைப்பில் நீர்நிலை எதுவும் இல்லை, அதையும் யோசிக்கவேண்டும் என்றார். இரஞ்சிதம் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிவிட்டாள்.

யோசித்துப் பார்த்து, அவள் போனது குசுமாவதி டீச்சரிடம். டீச்சர் ஓய்வுபெற்றுப் புதிய தெல்தெனியவில் இருந்தாள். கதையைக் கேட்டதும் வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு பொலிசுக்கு வந்தாள். அந்த அதிகாரி அவளிடம் படித்தவரல்ல. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டார். கடைக்குப் பின்னால் தமிழ் வாசிகசாலை இருந்தது, சிங்களப் பேப்பரும் போட்டார்கள், நானும் சில நாள் போய் வாசித்திருக்கிறேன், அதை எரித்ததும் எனக்குத் தெரியும், இந்த மாஸ்டர் அப்போது என் வீட்டில் இருந்தார் என்று சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி அதை அப்படியே எழுதி, கையொப்பம் வாங்கினார். அச்சில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் பாலேந்திரனை விட்டார்கள். கமெரா திரும்பி வந்தது, உள்ளே படங்கள் இல்லை. அளவு நாடா வரவே இல்லை. அளந்த கணக்கு அவருக்கு நினைவிலும் இல்லை. பயத்தில் மறந்துபோயிற்று.

பாடசாலையில் அதிபர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்ச நாள் லீவு எடுக்கச் சொன்னார். சில பெற்றோர் அவரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறினார்கள். ஒரு மாதத்துக்குமேல் இரவில் வாகனச் சத்தம் கேட்டால் எழும்பிப்போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். வாசிகசாலையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

வெளியே அது தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்திருந்தது: 'நீர்த்தேக்கத்தை அளவெடுத்த இருவர் கைது. நீருக்கடியில் நூலகம் இருப்பதாகக் கூறினர்.' விடுதலையானது எதிலும் வரவில்லை. தொரொன்ரோத் தளம் அதைப் பார்த்து, 'மூன்று மாடித் தமிழ் நூலகம் நீரில் மூழ்கடித்து மறைப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டது. கொழும்பில் இன்னொரு தளம், அப்படியொரு நூலகமே இருந்ததில்லை, எல்லாம் புலம்பெயர்ந்தவர்களின் கற்பனை, அணைக்கட்டை உளவு பார்க்க வந்தவன் சொன்ன சாட்டு என்று எழுதியது. அதையும் ஒரு பத்திரிகை எடுத்துப் போட்டது. இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் பாலேந்திரன்தான். இரண்டு பக்கமும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிலைமை சற்று அடங்கிய பிறகு பேராசிரியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கைதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நன்றியுரையில் தம் பெயரை இப்போதைக்குப் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிறகு, தெல்தெனியவுக்கு இப்போது அச்சில் மூன்று ஆதாரம் இருக்கிறது, முரண்பாடான ஆதாரங்கள் என்பதால் நடுநிலையாக எழுதவேண்டும் என்று சொல்லி, வசனத்தையும் தாமே எழுதிக் கொடுத்தார்: 'இந்நூலகம் மூன்று மாடிகளைக் கொண்டிருந்தது எனச் சிலரும், அவ்வாறானதொன்று இருந்ததில்லை எனச் சிலரும் கூறுவர்.'

பாலேந்திரன் அந்த வசனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாள் மேசையில் வைத்திருந்தார். பிறகு தன்னுடைய வசனத்தை எழுதினார். ஓர் அறை, இரண்டு அலுமாரி, எரிந்தது. அடிக்குறிப்பில், 'ஆய்வாளர் நேரில் கண்டது.' வாய்மொழிப் பரீட்சையில் கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்து, இதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டார்.

"பொலிசிலை போய்க் கேக்கலாம் சேர்," என்றார் பாலேந்திரன். "அங்கை எழுதி வைச்சிருக்கினம்."

யாரும் சிரிக்கவில்லை. சிறு திருத்தத்தோடு பட்டம் வழங்கலாம் என்று முடிவாகியது. அந்தச் சிறு திருத்தம், அடிக்குறிப்பை எடுத்துவிட்டுப் பேராசிரியரின் வசனத்தைப் போடுவது.

பல மாதங்கள் அவர் அதைச் செய்யாமல் இருந்தார். இரஞ்சிதம் அவரை அவசரப்படுத்தவில்லை. அவளும் பேராசிரியர் வீட்டுத் தேத்தண்ணியை மறக்கவில்லை. கடைசியில், முடிவு திகதி நெருங்கியபோது, பாலேந்திரன் தெல்தெனியப் பகுதியை முழுவதுமாக எடுத்துவிட்டார். மூன்று மாடியும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. ஒரு பொய்யைத் தன் பெயரில் அச்சடிக்காமல் விடுவதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது. ஆசைப்பட்டுத் தொடங்கிய அத்தியாயம் இல்லாமலே, கருநீல மட்டையில் பொன் எழுத்தோடு ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் ஏறியது. பட்டமும் வந்தது. சம்பளத்தில் சிறிது கூடியது.

அடுத்த ஆண்டுச் சஞ்சிகையில் பேராசிரியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'மூழ்கிய நூலகம்: ஒரு மீள்பார்வை.' அடிக்குறிப்புகளில் ஞாயிற்றுப் பத்திரிகை, கைதுச் செய்தி, இரண்டு இணைய முகவரிகள். ரோசாச் சாடி யன்னலுக்கு இடம்மாறிவிட்டது, கணினி இப்போது வேலை செய்கிறது என்று மாணவர்கள் சொன்னார்கள். அந்தக் கட்டுரைக்காக வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்கும் அவர் போய்வந்தார்.

போர் முடிந்த வருடம், ஒரு சனிக்கிழமை, பாலேந்திரன் ஒரு கேக் வாங்கிக்கொண்டு குசுமாவதி டீச்சரைப் பார்க்கப் போனார். அவருக்கு அவளிடம் ஒரு வேலையும் இருக்கவில்லை. இருவரும் விறாந்தையில் இருந்து பழைய பஜாரைப் பற்றிக் கதைத்தார்கள். அழகமுத்து நெல்லிக்காயை எப்படி நிறுத்தார், ரேடியோவில் கிரிக்கெட் கேட்க எத்தனை சிங்களப் பையன்கள் வருவார்கள், யார் பேப்பரை முதலில் எடுப்பார்கள் என்றெல்லாம் வந்தது. பேச்சோடு பேச்சாக டீச்சர், அந்த இரண்டு யன்னலாலும் நல்ல காற்று வரும் என்றாள். ஒரு யன்னல்தான் இருந்தது என்றார் பாலேந்திரன். இரண்டு என்றாள் டீச்சர், ஒன்று கடைப்பக்கம், மற்றது ஆற்றுப்பக்கம். ஆற்றுப்பக்கம் அலுமாரி அல்லவா இருந்தது என்றார் அவர். அலுமாரி யன்னலுக்குக் கீழேதான் இருந்தது, நீங்கள் பேப்பரைத் தவிர வேறொன்றையும் பார்த்ததில்லை என்று சிரித்தாள். கேக் முடியும்வரை வாதாடினார்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னேரம் கண்டி பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. நீர்த்தேக்கம் நிரம்பிப் பளபளத்தது. திகணையைத் தாண்டும்போது, இரண்டு யன்னல்தானோ என்று பாலேந்திரனுக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.